ஒட்டாவாவில் விசாரிக்கப்பட்ட ஒரு சொல்

அண்ணை,

இன்று காலை பனியில் நனைந்த கம்பளிக் கோட்டைச் சூடாக்கிக்குப் பக்கத்தில் விரித்தேன். ஈரக் கம்பளி மணத்தோடு பூச்சி உருண்டை மணமும் கிளம்பியது. உடனே நீங்கள் வந்து நின்றீர்கள், வில்லரே பகுதியில் நாம் சேர்ந்திருந்த வீட்டில், கோயிலில் தந்த கை நீண்ட கோட்டோடு. "இதைப் போட்டா நானும் ஒரு எம்.பி. மாதிரித்தான் இருக்கிறன்" என்று கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தீர்கள். விசாரணைக்காக ஒட்டாவாவுக்குப் புறப்பட்ட காலை அது.

நீங்கள் அப்போது ஒரு நாட்டின் துணைத் தூதரகத்தில் துப்புரவு வேலை. ஒரு பின்னேரம் அங்கிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தீர்கள். "நாளைக்குத் தூதர் வெள்ளென வாறாராம். என்னை வேலைக்கு வரவேண்டாமெண்டிட்டினம். எனக்கும் சேர்த்துச் சோறு போடு. சரி, வாறன்." அவ்வளவுதான் கதை. அடுத்த நாள் காலை அந்தத் தூதரை வாசற்படியில் வைத்துச் சுட்டார்கள். சுட்டவன் அகப்படவில்லை.

அந்தத் தொலைபேசியைப் புலனாய்வுக்காரர் ஒட்டுக்கேட்டது அப்போது நமக்கு எப்படித் தெரியும்? அகராதியை வைத்துத் தமிழ் படித்த யாரோ சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்திருந்தார்: தூதர் நாளை காலை நேரத்தோடு வருகிறார், சரி, நான் வருகிறேன். வேலைக்கு வரவேண்டாம் என்றதையும் சோற்றையும் விட்டுவிட்டார்.

அன்று காலை நான் ஜான்-டலோன் சந்தையில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன், முதலாளி சாட்சி. நீங்கள் வீட்டில் தனியே நித்திரை. நித்திரைக்கு யார் சாட்சி? உங்கள் அகதிக் கோரிக்கையை நிறுத்தி வைத்தார்கள். வீட்டுக்கு எதிரே ஒரு சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. எவ்வளவு பனி கொட்டினாலும் அதன் கண்ணாடி மட்டும் துடைத்தபடி இருக்கும்.

பிறகுதான் பாராளுமன்றக் குழு ஒன்று, தூதர் கேட்ட காவல் ஏன் கிடைக்கவில்லை, புலனாய்வு ஒழுங்காக நடக்கிறதா என்று விசாரணைக்காரரையே விசாரிக்கத் தொடங்கியது. நம்மையும் அழைத்தார்கள். உங்களுக்குத்தான் எவ்வளவு நம்பிக்கை! "பொலிசையே கூப்பிட்டு வைச்சுக் கேள்வி கேக்கிற நாடு, தம்பி. ஊரிலை இப்பிடி ஒண்டு இருந்திருந்தா நாங்கள் ஏன் இஞ்சை வாறம்?" எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. மேலே இருப்பவர்கள் நெருக்கினால், பதில் சொல்ல வேண்டியவர்கள் கையில் அகப்பட்டவனைத்தானே நீட்டுவார்கள்?

செய்தியாளர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். நாங்கள் விடைபெறும்போது 'போறன்' என்று சொல்லமாட்டோம், அபசகுனம். 'வாறன்' என்றுதான் சொல்லுவோம். போகிறேன் என்பதுதான் அதற்குப் பொருள். சிலர் தலையாட்டினார்கள். ஒருவர் சிரித்தே விட்டார். தப்பினோம் என்று நினைத்தேன். அப்போது ஒரு பெண் உறுப்பினர், அன்பாகத்தான், கேட்டார்: "உண்மையாகவே வருவதானால் என்ன சொல்லுவீர்கள்?"

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் மேசையைப் பார்த்தபடி இருந்தீர்கள்.

"அதற்கும் அதே சொல்தான்" என்றேன்.

பேனாக்கள் எல்லாம் ஒன்றாக ஓடின. திரும்பும்போது பஸ்ஸில் என் முழங்கையைத் தட்டி, "உள்ளதைத்தானே சொன்னனீ" என்றீர்கள். நீங்கள் கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

குழுவின் அறிக்கை பிறகு வந்தது. ஒட்டுக்கேட்ட பேச்சை அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்த ஒருவரும் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நல்ல வார்த்தை; எத்தனையோ பேரை அது காப்பாற்றியிருக்கலாம். உங்களைப் பற்றிய பக்கம் முழுவதும் கறுப்பு மை. அது ஏன் என்று கேட்க நமக்கு ஒரு குழு இல்லை.

வந்த வழியான ஜெர்மனிக்கே உங்களைத் திருப்பி அனுப்பினார்கள். மிராபெல் விமான நிலையத்தில் இரு பக்கமும் இரண்டு காவலர். கண்ணாடிக் கதவடியில் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். வாய் திறந்தது. பக்கத்தில் நின்றவரை ஒருமுறை பார்த்தீர்கள். வாயை மூடிக்கொண்டு, தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். செத்த வீட்டிலிருந்துதான் நம்மவர்கள் அப்படிச் சொல்லாமல் எழும்பிப் போவார்கள். ஜெர்மனியிலிருந்து உங்களைக் கொழும்புக்கு ஏற்றியதாகக் கேள்விப்பட்டேன். அங்கே நீங்கள் இறங்கியதைக் கண்டவர் உண்டு. அதற்குப் பிறகு கண்டவர் இல்லை.

என் பிள்ளைகள் பிரெஞ்சில் ஏதோ சொல்லிக் கையசைத்துவிட்டு ஓடுகிறவர்கள். நான் வாசலை மறித்துக்கொண்டு நிற்பேன். "வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போ." மெட்ரோ போய்விடும் என்று கத்துவார்கள். அப்பாவுக்கு விசர் என்பார்கள். ஓம், விசர்தான். சொல்லும்வரை வழி விடுவதில்லை. சொல்லிவிட்டுப் போனவர்கள், இதுவரை, எல்லோரும் திரும்பி வந்திருக்கிறார்கள்.