குப்பாயி கைநாட்டு வைக்காத தாள்

ஆடி 12, திங்கள்

செய்யாத கொலைக்குச் சடையனைத் தூக்கில் போடப் போகிறார்கள். கொலை நடந்த அன்று அவன் என்னோடு மணலூர்பேட்டையில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தான். போலீஸ்காரர்கள் வெற்றுத் தாளில் அவன் கைநாட்டு வாங்கி, கொலை செய்த கத்தியை அவனே எடுத்துக் கொடுத்ததாகப் பிறகு எழுதிக்கொண்டார்கள்.

இன்று கருணை மனுவோடு மலையில் உள்ள அவன் ஊருக்குப் போனேன். மனு ஒரே தாள். ஊரார் கைநாட்டுக்கு வெறும் தாள்களைத் தனியாக வைத்திருந்தேன். அவன் பெண்டாட்டி குப்பாயி அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல ஒண்ணுமே எழுதலியே அண்ணா?"

"மனுவோட அப்புறம் சேத்துத் தச்சிடுவேம்மா."

"அப்பிடி நம்பித்தான் எங்க வூட்டுக்காரரும் வெச்சாரு. இன்னும் எத்தினி பேரு மாட்டணும்?"

"மைய மட்டும் குடுத்துட்டுப் போய்யா, மாட்டுக்குப் பொட்டு வெப்போம்" என்றார் ஒரு கிழவர். எல்லோரும் சிரித்தார்கள்.

கோபத்தில் மலையிறங்கிவிட்டேன். பஸ்ஸில் வடக்கனந்தல் வரை மனதுக்குள் அவளைத் திட்டினேன். அதற்குமேல் திட்ட முடியவில்லை.

ஒவ்வொரு தாளிலும் மனு முழுவதையும் நான் எழுத வேண்டும். மூன்று முடிந்தது. மனு கொடுக்க வேண்டிய கெடு நாளைச் சடையனின் வக்கீல் கேட்டுச் சொல்ல வேண்டும். ஊராருக்கு அங்கன்வாடி டீச்சர் படித்துக் காட்ட வேண்டும், நான் அல்ல. பிறகு குப்பாயி கைநாட்டு வைக்க வேண்டும், நம்பினால்.