முனுசாமி ஏன் மண்வெட்டியை ஓங்கினான்?

1955 ஏப்ரல் 10, ஞாயிறு, காலை ஆறு மணி பத்து நிமிடம். நீங்கள் போய் இன்றோடு நாற்பத்தொரு நாள்.

என் பிரியமுள்ள நைனா,

நாளை பொன்னேரி கோர்ட்டில் நான் சாட்சி. கீழ்வயல் முனுசாமி உங்களை மண்வெட்டியால் வெட்டியதைக் கண்ணால் பார்த்தவன் நான் ஒருவன்தான். திட்டம் போட்டுச் செய்த கொலை என்று முடிவானால் அவனுக்குத் தூக்கு.

அவன் ஏன் செய்தான் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம். போலீஸ் ஏட்டு, அது ரத்தத்திலேயே இருக்கிறது என்கிறார். "அவன் தாத்தாவே ஜெயிலுக்குப் போனவன் சார். மூஞ்சியப் பாத்தாலே தெரியல?" பார்த்தேன். அவன் மூக்கு உங்கள் மூக்கு மாதிரிதான் இருக்கிறது. அவனுடைய வக்கீல் வறுமை என்கிறார். அப்படியானால் ஏரிக்குக் கீழே பாதி ஊர் கொலைகாரர்களாக இருக்க வேண்டுமே? என்னோடு பாலிடெக்னிக்கில் படித்த காதர், சேர்க்கை என்கிறான். கூட இருப்பவர்களிடமிருந்து குற்றத்தையும் தொழில் மாதிரிக் கற்றுக்கொள்கிறார்களாம். முனுசாமியின் சேர்க்கை இரண்டு எருமைகள். தண்டனைப் பயம் விட்டுப்போனதுதான் காரணம் என்பவர்களும் உண்டு. வெட்டிய கையாலேயே உங்களைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு கதறினானே, அவன் என்ன கணக்குப் போட்டிருப்பான்?

இவையெல்லாம் முனுசாமியைப் பற்றிப் பேசுகின்றன. அன்றைக்கு, அந்த நேரத்தில் ஏன் என்று ஒன்றும் சொல்லவில்லை. என் வேலையில் ஒரு மோட்டார் எரிந்துபோனால், "மட்டமான மோட்டார்" என்று எழுதிக்கொடுத்து நான் தப்ப முடியாது. என்ன லோடு போட்டாய் என்று கேட்பார்கள்.

லோடு போட்டவன் நான், நைனா. காலை பாசஞ்சர் ரயில் கடந்ததும் மடை மாற்றுவது நம் ஊர் முறை; அதுவரை தண்ணீர் அவன் வயலுக்கு, பிறகு நமக்கு. ரயிலை நம்பியா தண்ணீர் பாய்ச்சுவது என்று கேலி பேசி, ஆறரை மணி என அட்டவணை எழுதி மதகில் ஒட்டினேன். முனுசாமிக்கு மணி பார்க்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. தெரியாது.

அன்று ரயில் தாமதம். ஆறரைக்கு அவன் மடையை மூடினீர்கள்.

"இன்னும் வண்டியே போவல. இன்னா நாயம் இது?" என்றான்.

"மணி ஆயிட்ச்சு, போடா!" என்றீர்கள்.

நான் வரப்பில் நின்றபடி, "கடியாரத்தக் காட்டு நைனா, வாய மூடிக்குவான்!" என்று கத்தினேன். நீங்கள் சிரித்துக்கொண்டே காட்டினீர்கள். அவன் கடியாரத்தைப் பார்க்கவில்லை. நம் இருவர் முகத்தையும் பார்த்தான்.

ஓங்கியது அவன். அது அவன் குற்றம்தான். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் என் பங்கை விழுங்கிவிட்டுச் சொன்னால் அது என்ன சாட்சி?

நேற்று அம்மாவிடம் ஆரம்பித்தேன். "இன்னாடா, உங்க நைனாவக் கொன்னவனுக்கு நீயே வக்கீலாயிட்டியா? அப்டி சொல்லிட்டு இந்த ஊட்டுப் படி ஏறாத" என்றாள். நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள்? எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் உங்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டே செய்கிறேன்:

1. இன்றே அம்மாவிடம் முழுவதும் சொல்வேன், நான் கத்தியதையும் சேர்த்து.
2. கூண்டில், அவன் வெட்டியதைப் பார்த்தேன் என்பேன். மண்வெட்டி மடை திருப்பக் கொண்டுவந்தது என்றும் சொல்வேன்.
3. அட்டவணை என் கையெழுத்து என்பேன், யாரும் கேட்காவிட்டாலும்.
4. பிறகு நம் வீட்டுக்குத்தான் வருவேன். அம்மா கதவைத் திறக்கும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் மூத்த பிள்ளை,
ஏகாம்பரம்