உறைந்த ஏரியில் ஒரு வகுப்பு

அன்புத் தங்கைக்கு,

கொடுத்துவிடுவார்கள் என்று நான் அப்போதே சொன்னேன். மீன்பிடிக் குடிலை உறைந்த ஏரிமேல் நிறுத்தி, பனியில் துளை போட்டு, பிள்ளைகளுக்கு ஏரியைக் கற்பிக்க உன் மகள் ஸோல்வெய் கேட்டிருந்த உதவித்தொகை கிடைத்துவிட்டது.

நாம் அவளை அடக்கம் செய்த மறுவாரம் நேர்காணல். அவளுக்காக நான் போனேன். எதிரே ஐம்பது பேர். சரி, ஐந்து பேர்.

"பனி உடைஞ்சு புள்ளைங்க விழுந்துட்டா என்னய்யா பண்ணுவே?" என்றாள் சர்ச் நிதிக்குழுத் தலைவி ஹௌகன் அம்மாள்.

"அது மேல நான் லாரியே ஓட்டறேன். உங்க சர்ச் தரையைவிடக் கெட்டி!" என்றேன். சிரித்துவிட்டார்கள்.

அவள் எழுதியதை உரக்கப் படிக்கச் சொன்னார்கள். கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று அவர்களையே படிக்கவிட்டேன். கண்ணாடி சட்டைப்பையில்தான் இருந்தது.

குடிலை நேற்று ஏரிக்கு இழுத்துப் போய்விட்டேன். அடுப்பும் நன்றாக எரிகிறது. நீ யாருக்கும் கதவு திறப்பதில்லை என்பதால் இதைக் கதவிடுக்கில் செருகுகிறேன்.

ஒன்று மட்டும் என் சொந்தச் சரக்கு. "இனி யாரு பாடம் நடத்துவாங்க?" என்று கேட்டார்கள். பள்ளியில் அறிவியல் நடத்திய அவள் அம்மா ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று சொல்லிவிட்டேன்.

உன் அண்ணன்