ரெண்டாம் தடவை கேட்காத பங்களா

என் ஆசை நைனாவுக்கு,

அங்கே இப்போது காலையா, மாலையா? தெரியாததால் குட்டன் மோர்கன், குட்டன் ஆபெண்ட் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பொருந்துகிற வணக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

புத்தூர் மிஷன் பங்களாவில் ஜெர்மன்காரர்களுக்குச் சமைத்துக்கொண்டே அவர்கள் பேச்சைக் கற்று, நம் அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் எழுதிவைத்தீர்களே, அதன்மேல் வெள்ளையடிக்க அம்மா இன்னும் விடவில்லை. டாங்கே என்றால் நன்றி. பிட்டே என்றால் தயவுசெய்து. எல்லாவற்றுக்கும் கீழே உங்கள் சொந்தச் சட்டம்: எது கொடுத்தாலும் முதலில் "நைன், டாங்கே", வேண்டாம், நன்றி. மறுபடி கேட்டால்தான் "யா, பிட்டே", சரி, கொடுங்கள்.

"மொதல் தபாவே கை நீட்டினா பறக்காவெட்டின்னு நெனப்பாங்கம்மா" என்பீர்கள். நம் வீடுகளில் அது சரி. மூன்று தடவை மறுத்தாலும் இலையில் சோறு விழும். ஜெர்மன்காரர்கள் ஒரே தடவைதான் கேட்பார்கள். அத்தனை கிறிஸ்துமஸுக்கும் நீங்களே சுட்ட கேக்கில் நீங்கள் ஒரு துண்டுகூடத் தின்றதில்லை. துரை தன் பழைய சைக்கிளைத் தரட்டுமா என்றபோதும் நைன், டாங்கே! மறுநாள் தோட்டக்காரர் அதில் மணியடித்துக்கொண்டு போனார். நல்ல ஆள் நைனா நீங்கள்!

இப்போது என் கதையைக் கேளுங்கள். எல்லைத் தகராறு முடிந்துவிட்டது. திருத்தணி மதராஸ் பக்கம் போயிற்று, நம் புத்தூர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. தமிழ் மட்டும் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த எனக்கு இங்கே மிஷன் பள்ளியை விட்டால் போக்கிடம் இல்லை. அங்கேயும் வேலை கிடைக்காவிட்டால் அம்மாவை அழைத்துக்கொண்டு அரக்கோணம் போயிருக்க வேண்டும். உங்கள் கல்லறையை யார் பார்த்துக்கொள்வது?

போன திங்கட்கிழமை, பள்ளியைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் புது துரைசாணி கூப்பிட்டனுப்பினார். "குட்டன் டாக்" என்று வணக்கம் சொன்னேன். அசந்துபோனார். தமிழ் வகுப்பை எடுத்துக்கொள்கிறாயா என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். உங்கள் மகளின் வாய் சும்மா இருக்குமா? "நைன், டாங்கே" என்றது. அவர் முகம் வாடிப்போய், கையிலிருந்த வேலை உத்தரவுக் காகிதத்தை மடித்து மேசைக்குள் வைத்துவிட்டார்.

நான் ரெண்டாம் தடவைக்காக நின்றுகொண்டே இருந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "இன்னும் என்ன?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"யா, பிட்டே! யா, பிட்டே! எங்க ஊர்ல மொதல் தபா வேணாம்னுதாங்க சொல்லணும்!" என்று கத்தியேவிட்டேன். அவருக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வேலை கிடைத்துவிட்டது நைனா.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலை. பரலோக வாசலில் உங்களையும் "உள்ளே வருகிறாயா?" என்று கேட்டிருப்பார்களே, என்ன சொன்னீர்கள்? அங்கேயும் ஒரே தடவைதான் கேட்பார்களா? துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கினு இன்னும் வெளியிலேயே நின்னுக்கினு இருக்கீங்களா?

அப்படியானால் அங்கேயே நில்லுங்கள். என் முறை வரும்போது உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, நம் ரெண்டு பேருக்கும் சேர்த்து முதல் தடவையே "யா, பிட்டே" சொல்கிறேன். இது சத்தியம்.

முதல் தடவையே கை நீட்டத் துணிந்துவிட்ட உங்கள் மகள்,
எஸ்தர்