நீல வீட்டுக்கு முன்னால் எடுத்த படம்

2009 மே 16, சனி
தூறல். தங்கச்சி பரமேஸ், சண்டை நடக்கும் வன்னியிலிருந்து, கடைசியாகப் பேசியது சித்திரை வருடப்பிறப்புக்கு முன். காலமை குளிக்கும்போது ஃபோன் அடித்த மாதிரி. விளம்பரக்காரர் என்றான் மகன் ரவி. ரிவி போட்டேன். மருமகள் சுகந்தி நிற்பாட்டினாள். மூன்றாந்தரம். எழுதி வைக்கிறேன்.

நாளைக்கு டவுன்டவுனில் பழைய வீடுகள் பார்க்கப் போகிறோமாம். ஸ்காபரோவுக்கு வந்து பதினொரு வருடம், ஒரு நாள் கூட்டிப்போனதில்லை. பரமேஸ் ஃபோன் எடுத்தால் ஆர் பேசுவது என்று கேட்டேன்.

17, ஞாயிறு
வெயில், குளிர்காற்று. பூச்சேலை. சுகந்தி எடுத்துத் தந்தது.

கபேஜ்ரவுன். முந்தி கபேஜ், எங்கட கோவா, நட்ட இடமாம். விக்டோரியா ராணி காலத்து வீடுகள், ஒட்டி ஒட்டி. ரோசா, மஞ்சள், பச்சை. கூரை ஓரமெல்லாம் மரத்தில் பின்னல் வேலை. முன்பக்கத்தில் ஒரு சன்னல் மாற்றவும் நகரசபையைக் கேட்க வேண்டுமாம், பேத்தி மீரா வாசித்துச் சொன்னாள். பரமேஸின் வீட்டுக்கு மேல் குண்டு போட ஆரைக் கேட்டார்கள்?

ஒரு வீடு அசல் அவள் வீட்டு நீலம். நானே போய் முன்னால் நின்றேன்.

"இதில வச்சு எடு. பரமேசுக்குக் காட்டவேணும்."

"சிரியணை அம்மா" என்றான் ரவி. மூன்று படம். சுகந்தி வான் வண்டிக்குள் ஏறிவிட்டாள்.

பூங்காவில் சாப்பாடு. தயிர்ச்சோறு, வாழைக்காய்ப் பொரியல். ஞாயிறென்றால் இந்த வீட்டில் ஆட்டிறைச்சி. கேட்டதற்குக் கடை பூட்டாம். பொய். வரும்போது திறந்திருந்தது, கண்டேன்.

18, திங்கள்
லீவு நாள். சண்டை முடிந்ததாம், ரிவி சொல்கிறது. இன்றைக்கு ஒருவரும் நிற்பாட்டவில்லை.

மத்தியானமும் மரக்கறி. துக்க வீட்டுச் சாப்பாடு. சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். மீராவுக்குப் பொய் வராது. அவளைக் கேட்டேன்.

"எங்கட ஆக்களில ஆர் செத்தது?"

அழுதாள். "பரமேஸ் அப்பம்மா. சனிக்கிழமை காலமை பாரிசில இருக்கிற சொந்தக்காரர் ஃபோன் எடுத்துச் சொன்னவை. உங்களுக்குப் பிரஷர், சொல்லவேண்டாமெண்டு அப்பா சொன்னவர்."

நான் குளித்த நேரம். ஃபோனை விட்டு என்னைக் கிளப்பத்தான் வீடு காட்டினது. வானில் இருந்த எல்லாருக்கும் தெரியும், என்னைத் தவிர.

ஒளித்ததை ஒருவேளை மன்னிப்பேன். படத்தை மாட்டேன். கமெராவில் கிடக்கிறது. நீல வீடு, பூச்சேலை, என் பல்லெல்லாம் தெரிய. தெரிந்துகொண்டே மூன்று தரமும் சொன்னான், சிரியணை அம்மா என்று.