சும்மா இருந்த நான்கு வருடம்

என் அன்பானவருக்கு,

நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண். நிர்வாகப் படிப்புக்கு இன்று விண்ணப்பம் நிரப்பி, மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். "வேலையை விட்டபின் என்ன செய்தீர்கள்?" என்ற இடத்தில் "சும்மா இருந்தேன்" என்று எழுதியிருந்தேன். யார் கேட்டாலும் சொல்லிப் பழகிய பதில்தானே, கை தானாக எழுதிவிட்டது.

மாமா கண்ணாடியைக் கழற்றினார். "சும்மாவா? அப்ப என் பேத்தி தானா வளந்தாளாம்மா? என் ஆபரேஷனப்ப ஆஸ்பத்திரியையே ஆட்டி வெச்சியே, அது யாரு, பக்கத்து வீட்டுக்காரியா?"

சிரித்துக்கொண்டே அந்த வரியை அழித்தேன். நான்கு வருடத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதினேன், இடம் போதவில்லை. அனுப்பியும் விட்டேன்.

கட்டாயம் கிடைக்கும் என்றுதான் மனது சொல்கிறது. ஆனால் கல்லூரி வெளியூரில், விடுதியில் தங்க வேண்டும் என்பதை எழுதாமல் இத்தனை நேரம் சுற்றி வளைக்கிறேன், பாருங்கள். சனி, ஞாயிறு ஓடி வந்துவிடுவேன். பாப்பா தேடுவாளோ, நீங்கள் முகம் சுளிப்பீர்களோ என்றுதான் யோசனை.

அடுத்த மாதம் நீங்கள் மாற்றலாகி வீட்டோடு வந்ததும் அவளுக்குத் தலை பின்னப் பழகிக்கொள்ளுங்கள். மாமா போடும் பின்னல் வாசல் தாண்டுவதற்குள் அவிழ்ந்துவிடுகிறது.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
பாப்பாவின் அம்மா