பெட்டிக்குள் இரண்டு மெழுகுச் சிலுவை

உஷாந்த் தீவு, லம்பௌல் ஊர்
1812, செப்டம்பர், மிக்கேல் சம்மனசு திருநாளுக்கு முந்தின ஞாயிறு

என் மகன் கொரந்தானுக்கு,

உன் அம்மா காத்தெல் எழுதுவது. நானும் உன் தங்கை அசெனோரும் சுகம். நீ சுகமா என்று கேட்க வேண்டிய இடம் இது. ஆனால் நீ உயிரோடு இருக்கிறாய் என்பதையே என்னால் இன்னும் முழுசாக நம்ப முடியவில்லை, அதனால் சுகத்தைப் பிறகு கேட்கிறேன். போன செவ்வாய்க்கிழமைதான் செய்தி வந்தது. மடத்துக் கன்னியர்களிடம் பாத்திரம் கழுவிக்கொண்டே கற்ற எழுத்து, நல்ல நாளிலேயே கோணல்தான், இன்று எப்படி இருக்குமோ, எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள். அடேய், உனக்குச் சாவுச் சடங்கு செய்து முடித்து ஏழு மாதமாகிறது. உனக்கும் செய்தோம், உன்னோடு அதே கப்பலில் போன அப்பாவுக்கும் செய்தோம். இப்போது ஒருவன் வந்து, நீ பிளிமத் துறையில் இங்கிலீஷ்காரனுடைய சிறைக்கப்பலில் பட்டாணிக் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறாய் என்கிறான். அப்பா எங்கே என்றால் தெரியாது என்கிறான். இந்தக் கடிதத்தில் நான் என்னென்னவோ எழுதுவேன், என் வாய் உனக்குத் தெரியும். ஆனால் கேட்பது ஒன்றைத்தான். அப்பா உன்னோடு இருக்கிறாரா?

வந்தவன் மொலேன் தீவுக்காரன், மாசோன் என்று பெயர், பீரங்கி சுட்டவன். ஒரு கால் போய்விட்டது, இனி இவனால் சண்டைக்கு உபயோகமில்லை என்று மொர்லே துறையில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்களாம். நானும் அசெனோரும் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தோம். கட்டையை ஊன்றிக்கொண்டு வரப்பில் ஒருத்தன் வருகிறான், பிச்சைக்காரன் போலிருக்கிறது என்று ரொட்டியை எடுக்கக் குனிந்தேன். "நீங்கதான் கொரந்தானோட அம்மாவா? உங்க மகன் நல்லா இருக்கான்னு சொல்லச் சொன்னான்" என்றான். நல்லா இருக்கான்! கையிலிருந்த மண்வெட்டியை அப்படியே அவன்மேல் எறிந்துவிட்டேன். செத்த பிள்ளை பெயரைச் சொல்லிச் சோறு கேட்க வந்தாயா என்று வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். நல்லவேளை, ஒற்றைக் காலிலேயே விலகிக்கொண்டான். "ஐயோ அடிக்காதீங்கம்மா! பழுப்புப் பசுவை வித்துடாதீங்கன்னு சொன்னான். இடது பக்கம் உட்காந்து கறந்தா உதைக்கும், மத்தபடி தங்கமான பசுன்னு சொன்னான்" என்று கத்தினான். அவ்வளவுதான், மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பசு எந்தப் பக்கம் உதைக்கும் என்று நம் நாலு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்? பசுவை ஈஸ்டருக்கே விற்றாகிவிட்டது, அதற்காக என்னைத் திட்டாதே. செத்தவன் பசுவை விசாரிப்பான் என்று நான் கண்டேனா.

அவனை வீட்டுக்குள் உட்கார வைத்து ஆட்டுக்கறியும் வாற்கோதுமை ரொட்டியும் போட்டு, அவனைச் சாப்பிடவும் விடாமல் கேள்வி கேட்டேன். கப்பல் உடைந்த மறுநாள் இங்கிலீஷ் ரோந்துப் படகு வந்ததாம், ஒரு மதுப்பீப்பாயைக் கட்டிப்பிடித்துக் கிடந்த உன்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனதாம், இடது கையில் இரண்டு விரல் குளிரில் கருகிப் போனதாம். வேறு யாரை எடுத்தார்கள், எத்தனை பேரை எடுத்தார்கள், ஒன்றும் அவனுக்குத் தெரியவில்லை. துத்வால் மால்கோர்ன் என்று அப்பா பெயரைச் சொன்னேன், நெற்றித் தழும்பைச் சொன்னேன், தூக்கத்தில் மீன் விலை பேசுகிறவர் என்றுகூடச் சொன்னேன். அவன் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டான். "அவன் சொல்லலைம்மா, நானும் கேக்கலை. அங்க நாங்க யாரும் யாரையும் அதைக் கேக்க மாட்டோம். ஆனா ஒரு பெரியவர் எப்பவும் அவன் பக்கத்துலயே படுத்திருப்பார், இருமிக்கிட்டே இருப்பார். நான் கப்பல்ல வேற அடுக்குல இருந்தவன், அவர் முகத்தைப் பாத்ததில்லை" என்றான். எந்தப் பெரியவர் அது? உன் அப்பாவுக்கு இருமலே கிடையாது. ஆனால் அந்த ஈரத்தில் மாசக்கணக்கில் கிடந்தால் யாருக்குத்தான் இருமல் வராது? பசுவைப் பற்றிச் சொல்லியனுப்பத் தெரிந்த உனக்கு, அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல வாய் வரவில்லையா? எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு நீ பக்கத்தில் இருந்தால் காதைத் திருகியிருப்பேன். அவர் உன் பக்கத்திலேயே படுத்திருந்தால், அதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்று விட்டிருப்பாய். அவர் இல்லையென்றால், முகம் தெரியாத ஒருத்தன் மூலம் அம்மாவுக்கு அதைச் சொல்லியனுப்ப மனசு வந்திருக்காது. இரண்டுமே உன் குணம்தான், அதனால்தான் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நாங்கள் அவசரப்பட்டுவிட்டோம் என்று நினைக்காதே. மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்து அந்தப் பேய்க்காற்று அடித்ததே, அது அடங்கின அன்று நாங்கள் பெண்கள் எல்லோரும் தெற்குக் கரையில் கடற்பாசி வாரப் போனோம். உங்கள் கப்பல் பெயர் எழுதின பின்பக்கப் பலகையை லுயீசாதான் முதலில் பார்த்தாள், அவள் புருஷனும் அதே கப்பல்தானே, பார்த்த இடத்திலேயே அலறிவிட்டாள். பிறகு பீப்பாய்கள் ஒதுங்கின, கயிறு ஒதுங்கியது, ஆள் மட்டும் ஒருத்தரும் ஒதுங்கவில்லை. பங்குச்சாமியார் பிரெஸ்ட் துறைக்கு ஆளனுப்பி விசாரித்தார், கப்பலோடு எல்லோரும் போய்விட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல் யாரிடம் போய்க் கேட்பது? இங்கிலீஷ்காரன் உங்களை எடுத்துக்கொண்டு போயிருப்பான் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நம் தீவில் கடல் கொண்டுபோனவர்கள் திரும்பி வந்து யார் பார்த்தது?

உன் சாவை உனக்கே சொல்கிறேன், கேட்டுக்கொள். மெழுகுதிரி மந்திரிக்கிற திருநாள் கழிந்த வாரம், இருட்டுகிற நேரத்துக்கு யாரோ ஜன்னலைத் தட்டினார்கள். சாவுச் சேதி கொண்டுவருகிறவர்கள் எப்படித் தட்டுவார்கள் என்று உனக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும், தெரிந்தும் அசெனோர் காற்றுதான் என்றாள். உன் ஞானத்தகப்பன் குல்வென் மாமா. வெளியே நின்றபடியே, "பாவம் என் பிள்ளே, இன்னிக்கு உன் வீட்டுல ப்ரோஎல்லா" என்றார். கடல் கொண்டுபோனவர்களுக்கு உடம்பில்லாமல் செய்கிற அந்தச் சடங்கு என் வீட்டுக்கே வந்துவிட்டது. ரெண்டு பேருக்குமா மாமா என்று கேட்டேன். ஆமாம் என்றார். மந்திரித்த மெழுகுதிரி ஒன்றுதான் வீட்டில் இருந்தது, அந்த ஒரே திரியை உருக்கி விரல் நீளத்துக்கு இரண்டு சிலுவை என் கையாலேயே செய்தேன். உடம்பு இல்லாத சாவுக்கு அதுதானே உடம்பு. என் கல்யாணத் தலைத்துணியை மேசையில் விரித்து அதன்மேல் கிடத்தினோம், பெரியது அப்பா, சிறியது நீ என்று வைத்துச் செய்யக்கூட எனக்குத் தோன்றவில்லை, ஒரே அளவாகப் போய்விட்டன. ஊரே வந்து விடியவிடிய ஜெபம் சொன்னது. வந்தவர்களுக்கு ஊற்றிக் கொடுத்த மது உங்கள் கப்பல் மதுதான், சுங்கக்காரன் வருவதற்குள் ஒரு பீப்பாயைக் கொட்டகையில் உருட்டி வைத்திருந்தோம். உன்னைத் தூக்கி மிதக்க வைத்ததும் அந்த மாதிரிப் பீப்பாய்தான் என்று இப்போதுதான் தெரிகிறது. நல்ல மது என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். காலையில் சாமியார் வந்து பாட்டுப் பாடி, மாமா இரண்டு சிலுவையையும் கையில் ஏந்தி, கோவிலில் பீடத்துக்குப் பக்கத்திலிருக்கிற பெட்டியில் வைத்தார். அதற்கு முன்னால் அசெனோர் ஓடிப்போய், இருட்டில் ஒருத்தரை ஒருத்தர் விட்டுவிடக் கூடாது என்று இரண்டையும் சேர்த்து ஒரு நீல நூலால் கட்டினாள். கப்பல் பெயர் எழுதின அந்தப் பலகையை என்ன செய்தோம் என்று கேட்டால் நீ சிரிப்பாய், அதற்கு வெள்ளை வண்ணம் பூசி அலமாரிக்குக் கதவாகப் போட்டிருக்கிறோம். மரம் கிடைக்காத ஊரில் வேறு என்ன செய்ய.

இப்போது ஊர் இருக்கிற இருப்பைச் சொல்லி முடியாது. மாசோன் வந்துபோன செய்தி எட்டினதும் குல்வென் மாமா படுத்த படுக்கைதான். "உசுரோட இருக்கறவனை இந்தக் கையாலயே கொண்டுபோய் அடைச்சேனே, காத்தெல்" என்று கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார், கஞ்சி ஊட்டினால் ரெண்டு வாய் இறங்குகிறது. லுயீசா கறுப்பு முக்காட்டைக் கழற்றிவிட்டாள். தினமும் வந்து நம் அடுப்படியில் உட்கார்ந்து, "உன் புள்ள பொழைச்சான்னா என் புருஷன் மட்டும் என்ன மட்டமா நீந்துவாரு" என்று சண்டைக்கு நிற்கிறாள். அவருக்கு நீந்தவே தெரியாது, நம் ஆண்பிள்ளைகள் யாருக்குத்தான் தெரியும், நான் அவளுக்கும் ஒரு கிண்ணம் கஞ்சி ஊற்றிக் கொடுக்கிறேன். அவர் கதி உனக்குத் தெரிந்திருந்தால் அதைத் தனித் தாளில் எழுதிச் சாமியாருக்கு அனுப்பு, என் வாயால் அவளுக்குச் சொல்ல வைக்காதே. அசெனோர் இந்த வருஷம், பெண்ணே போய்க் கேட்கிற நம் தீவு வழக்கப்படி, பன்றிக்கறியை எடுத்துக்கொண்டு ஸ்தெஃபான் வீட்டுக்குப் போய்த் தனக்குப் பையனைக் கேட்பதாக இருந்தாள், துக்கம் வந்து எல்லாம் நின்றது. இப்போது அது பாதித் துக்கமா, முழுத் துக்கமா, துக்கமே இல்லையா என்று தெரியாமல் அந்தப் பையன் கோவில் வாசலில் இவளைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றுவதா வேண்டாமா என்று முழிக்கிறான்.

படகுக்காரர்கள் சொல்வதுதான் எனக்கு வயிற்றில் நெருப்பு. "உன் மகன் பேரைக் கடலுக்குக் குடுத்தாச்சு. அந்தச் சிலுவை பெட்டியில இருக்கற வரைக்கும் அவன் கடல் தாண்டி வரக்கூடாது, வந்தா கடல் தன்னோடதை எடுத்துக்கும். அவன் ஏறுற படகுல நாங்க யாரும் ஏற மாட்டோம்" என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். மூட ஜனங்கள் என்று நீ சொல்வாய். நானும் பகலில் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் சண்டை முடிந்து உன்னை விடும் நாள் வந்து, நீ படகேறி, அந்தப் படகுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்? அதோடு இந்த வருஷம் வெளியூர்க் குருக்கள் பிரசங்கத்துக்கு வருகிறார்கள், அவர்கள் வருகிற வருஷம் நவம்பரில் மரித்தோர் திருநாளன்று பெட்டியிலுள்ள சிலுவைகளையெல்லாம் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் கற்குழியில் இட்டு மூடிவிடுவார்கள். மூடிய பிறகு திறப்பது கிடையாது. அதற்குள் உன் சிலுவையை வெளியே எடுத்தாக வேண்டும்.

நேற்று அசெனோரையும் கூட்டிக்கொண்டு சாமியாரிடம் போனேன். பாவம், புஸ்தகங்களையெல்லாம் புரட்டிப் பார்த்தார். "உள்ள வைக்கிறதுக்கு ஜெபம் இருக்கும்மா, வெளிய எடுக்கறதுக்கு எந்தப் புஸ்தகத்துலயும் இல்லையே" என்றார். நீங்கள் ஜெபம் தேடுங்கள், நான் சிலுவையைத் தேடுகிறேன் என்றேன். பெட்டியைத் திறந்தார். ஊரில் கடல் தின்ற பிள்ளைகளெல்லாம் மஞ்சள் பூத்துக் கிடந்தார்கள், எது யார் என்று எழுதியா இருக்கிறது, ஆனால் நீல நூலைப் பார்த்ததும் நம்முடையது தெரிந்தது. எடுத்தேன். கொரந்தான், இந்தக் கோடை வெயிலில் மெழுகு இளகி இரண்டும் ஒன்றாக ஒட்டிப் போயிருக்கின்றன. நூலே உள்ளே புதைந்துவிட்டது. எது நீ, எது அப்பா என்று பெற்றவளுக்கும் தெரியவில்லை, கட்டினவளுக்கும் தெரியவில்லை. சாமியார் அங்கியிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து, "ஒண்ணை அறுத்துக் குடுத்துடறேன், மத்தது இருக்கட்டும்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். சாமியார் கையைப் பிடித்த பாவத்தை யாரிடம் போய்ச் சொல்ல, அவரிடமே சொல்ல வேண்டியதுதான். "அப்ப ரெண்டையும் கொண்டுபோ" என்றார். அதுவும் என்னால் முடியவில்லை. அப்பா நிஜமாகவே அந்தத் தண்ணீரில் கிடக்கிறார் என்றால் அவருக்கு இந்த உலகத்தில் இருக்கிற கல்லறை அந்தப் பெட்டி ஒன்றுதான், அதிலிருந்து அவரை நானே எடுத்து வெளியே போடுவதா? அவர் உன் பக்கத்தில் இருமிக்கொண்டு படுத்திருக்கிறார் என்றால், அறுத்து ஒன்றை உள்ளே வைப்பது அவரை நானே இரண்டாம் தடவை புதைப்பது. முதல் தடவை தெரியாமல் செய்தேன். அப்படியே திருப்பி வைத்துப் பெட்டியை மூடிவிட்டு வந்துவிட்டேன். அப்பா உன்னோடு இருக்கிறாரா என்று தெரிந்தால்தான் ஒன்றை அறுத்து எடுப்பதா, இரண்டையும் சேர்த்தே எடுப்பதா என்று தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். கருகின விரலைத் துணி சுற்றி வை, உப்புத் தண்ணீர் படவிடாதே. அங்கே சீட்டாட்டத்தில் ரொட்டியைத் தோற்பார்கள் என்று மாசோன் சொன்னான், நீ அந்தப் பக்கமே போகாதே. தப்பித்து ஓடுகிறேன் என்று எவனோடும் சேர்ந்து கடலில் குதித்துவிடாதே, நான் சொல்லும் வரை கடல் தாண்டாதே. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அசெனோர் பின்னியிருக்கிறாள், இந்தக் கடிதத்தோடு மொர்லேக்குப் போகிறது. ஒரு ஜோடி உனக்கு. இன்னொன்று பெரிய பாதத்துக்குப் பின்னியது, அதை யாருக்கு என்று நான் அவளைக் கேட்கவில்லை. இங்கிலீஷ்காரன் இதைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உனக்குக் கொடுப்பானாம், படிக்கட்டும், அவனுக்கும் அம்மா இருப்பாள். பரலோக மாதாவும் நம் தீவின் காவலரான அர்ச்சியசிஷ்ட பாலும் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். மரித்தோர் திருநாளுக்கு முன்னால் பதில் வந்தாக வேண்டும், மறந்துவிடாதே. பெரிசாக எழுத வேண்டாம், எப்படி நடந்தது என்றெல்லாம் இப்போது எனக்கு வேண்டாம், நீ வந்த பிறகு சொன்னால் போதும். ஒரே வரி எழுது. கோவிலுக்கு நான் கத்தியோடு போகட்டுமா, வெறுங்கையோடு போகட்டுமா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா காத்தெல்